வாராத நோய்

குழந்தை பிறந்த வீட்டில் எழும் கேள்விகளுள் ஒன்று, பார்வைக்கு மிகச் சிறியதாகத் தோன்றினாலும், ஆராயப் புகுந்தால் மனிதனுடைய சமய வாழ்வின் அடித்தளம் வரை செல்லக்கூடியது. பிறந்த சிசுவுக்கு இன்ன வாரத்தில் இன்ன தடுப்பூசி என்று ஓர் அட்டையில் குறித்துக் கொடுக்கிறார்கள். அந்த அட்டையைக் கையில் வாங்கிய பெற்றோர், அதே வாரத்தில் குலதெய்வத்தை நினைத்து மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தையும் முடிந்து வைக்கிறார்கள். இவ்விரண்டு செயல்களும் ஒன்றுக்கொன்று இசைந்தவைதாமா? தெய்வம் காக்கும் என்று உண்மையாகவே நம்புகிறவனுக்கு ஊசி எதற்கு என்று பக்தியின் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்கலாம். ஊசியே காக்கும் என்று தெளிந்தவனுக்கு மஞ்சள் துணி எதற்கு என்று அறிவின் பக்கத்திலிருந்து மற்றொருவர் கேட்கலாம். இருவருடைய கேள்வியும் ஒரே அநுமானத்தின்மேல் எழுந்து நிற்கிறது; இறைவனுடைய காப்பும் மனிதனுடைய முயற்சியும் ஒரே ஆசனத்துக்குப் போட்டியிடுகின்றன என்பதே அந்த அநுமானம். அது பிழையென்பதும், தடுப்பூசியின் காலக் கிரமத்தைத் தவறாமல் பேணி வருவது, நம் முன்னோர் நோன்பு என்று போற்றிய ஒழுக்கத்தின் தூய வடிவங்களுள் ஒன்று என்பதும் இக்கட்டுரையில் நான் எடுத்துரைக்க விரும்பும் கருத்துகள்.

இக்கேள்வி தமிழ்நாட்டில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பெரியம்மை ஊருக்குள் புகுந்து வீடு வீடாக உயிர்களைக் கொண்டுபோன காலத்தில், அந்நோயை மாரியம்மனின் வருகையாகவே நம் மக்கள் கருதினார்கள். அம்மை கண்ட வீட்டின் வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. அடுப்படியில் தாளிப்பு நின்றது. விருந்தினர் வருவதும் வீட்டார் வெளியே செல்வதும் தவிர்க்கப்பட்டன. நோயாளி வேப்பிலைப் படுக்கையில் கிடத்தப்பட்டு, முத்துகள் இறங்கிய பிறகு மஞ்சளும் வேப்பிலையும் கலந்த நீரைத் தலைக்கு ஊற்றும் நாளை எதிர்நோக்கியிருந்தான். நோயாளியைப் பிறரிடமிருந்து விலக்கி வைப்பதும், எரியும் உடலுக்குக் குளிர்ச்சி தருவதும், சுற்றியிருப்போர் அருவருப்புக் கொள்ளாமல் பயபக்தியோடு பணிவிடை செய்வதும் அந்த ஆசாரங்களுக்குள் அடங்கியிருந்தன என்பதை மருத்துவம் கற்றவர்களும் மதிக்கவே செய்வார்கள். ஆயினும், வந்த துன்பத்தைத் தாங்கும் திடத்தை அந்த வழிபாடு தந்ததேயன்றி, வருமுன் தடுக்கும் உபாயம் அக்காலத்துத் தாய்மார்களின் கையில் இல்லை. அவர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். செய்ய இயலாததை அம்மனிடம் ஒப்படைத்தார்கள். இந்த எல்லைக்கோடு பின்னால் நமக்குப் பயன்படப்போவதால், இதை இங்கேயே குறித்துக்கொள்வது நலம்.

இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் என்னும் மருத்துவர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கையில் கண்டிருந்த பசு அம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை 1796 மே 14 அன்று எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தியபோது, அந்த எல்லைக்கோடு முதன்முதலாக இடம் பெயர்ந்தது. நெடுந்தூரக் கடற்பயணத்தில், அம்மைப்பால் எனப்பட்ட அந்நீரை வீரியம் கெடாமல் கொண்டுவருவது அரிதாயிருந்ததனால், கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாது, பாஸ்ரா என்று ஊர் ஊராக, ஒருவர் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றியே அது நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்றுக்கு அது குத்தப்பட்டது. இந்தியாவில் தடுப்பூசியின் வரலாறு அந்தப் பிஞ்சுக் கையிலிருந்துதான் தொடங்குகிறது. சென்னைக் கிண்டியில் 1899-இல் தோற்றுவிக்கப்பட்ட கிங் நிலையம் அன்றைய சென்னை மாகாணத்துக்கு வேண்டிய அம்மைப்பாலைத் தயாரித்தது. அம்மை குத்துகிறவர் ஊருக்குள் வருகிறார் என்று கேட்டதும் குழந்தைகளை ஒளித்துவைத்த வீடுகளும் இருந்தன. அம்மனின் சித்தத்துக்கு எதிராக மனிதன் கை ஓங்குவதா என்ற அச்சமே அதற்குப் பெரிய காரணம். அந்த அச்சத்தையும் கடந்து ஊசி பரவியது; இந்தியாவின் கடைசிப் பெரியம்மை 1975-இல் கண்டது. உலகின் கடைசி இயற்கைத் தொற்று 1977-இல் சோமாலியாவில் கண்டது. 1980 மே 8 அன்று அந்நோய் பூமியிலிருந்து ஒழிந்ததென்று உலக சுகாதாரப் பேரவை அறிவித்தது.

அவ்வறிவிப்புக்குப் பிறகு மாரியம்மன் கோயில்களில் என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பது நம்முடைய கேள்விக்கு நேரான விடையைத் தரும். தெய்வத்தின் பெருமை நோயின் அச்சத்தின்மேல் மட்டும் நின்றிருந்தால், அச்சம் நீங்கியபின் அந்தச் சந்நிதிகள் வெறிச்சோடியிருக்க வேண்டும். அப்படி நிகழவில்லை. சமயபுரத்திலும் புன்னைநல்லூரிலும் இருக்கன்குடியிலும் இன்றும் தீச்சட்டி ஏந்துகிறார்கள், மாவிளக்கு இடுகிறார்கள், மழையையும் மகப்பேற்றையும் வீட்டின் நலத்தையும் வேண்டி நிற்கிறார்கள். அன்னையின் கோபமென்று கருதப்பட்டது நீங்கிய பின்னும் அன்னை நீங்கவில்லையென்றால், மனிதன் தடுத்தது ஒரு கிருமியைத்தானேயன்றி இறைவியின் சித்தத்தையன்று என்பது தெளிவாகிறது. ஊசி தெய்வத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று அஞ்சியவர்களுக்கும், பிடித்துக்கொள்ளும் என்று மகிழ்ந்தவர்களுக்கும் சரித்திரம் கூறிய சமாதானம் இது.

இனி, விதியைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். குழந்தையின் ஆயுள் அதன் பிராரப்தத்தைப் பொறுத்தது; வரவேண்டிய நோய் வந்தே தீரும், வரவேண்டாதது ஊசியின்றியே வாராது என்று சொல்கிற பெரியவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் வாக்கை எள்ளி ஒதுக்குதல் தகாது. பல இழப்புகளைக் கண்டு, அவற்றைத் தாங்குவதற்கு வேறு துணையின்றி, அந்தத் தத்துவத்தையே ஊன்றுகோலாகப் பற்றி நடந்தவர்கள் அவர்கள். ஆனால் திருவள்ளுவர் ‘ஊழ்’ என்று ஓர் அதிகாரம் வகுத்து அதன் வலிமையை உரைத்ததோடு நிற்கவில்லை; ‘ஆள்வினையுடைமை’ என்று வேறோர் அதிகாரம் வகுத்து, தளராமல் உழைப்பவர் ஊழையும் புறங்காணக் கூடுமென்றும் உரைத்தார்; ‘அறிவுடைமை’யில், வருவதை முன்னறிந்து காத்துக்கொள்பவருக்கு நடுங்கவைக்கும் துன்பம் இல்லையென்றும் கூறினார். ஒரே ஆசிரியர் ஒரே நூலில் முரணாகப் பேசினார் என்று கொள்வதைவிட, ஊழ் என்பது முயற்சி முழுதும் முடிந்த பிறகு எஞ்சி நிற்பதற்குரிய பெயர் என்று கொள்வதே அவருடைய உள்ளத்துக்கு ஏற்ற பொருளாகும். மேலும், ஒரு குழந்தையின் வினைப்பயன் அதன் உடலோடு மட்டும் சேர்ந்ததன்று. எத்தகைய பெற்றோரிடம், எக்காலத்தில், எந்த ஊரில் அது பிறந்தது என்பதும் அப்பயனைச் சேர்ந்ததே. தடுப்பூசி கிடைக்கும் காலத்தில், அதைப் போடுவிக்க வல்ல தாய் தந்தையரிடம் பிறந்ததும் விதியேயானால், அந்த விதியை நிறைவேற்றும் கருவிகள் நாம். நாம் கைகட்டி நின்றுவிட்டு விதியைக் குறை கூறுவது எப்படிப் பொருந்தும்? 1977-க்குப் பிறகு பிறந்த கோடானுகோடிக் குழந்தைகளுள் ஒன்றையும் பெரியம்மை இயற்கையாகத் தீண்டவில்லை. அவ்வாண்டோடு மனித குலத்தின் கர்மம் முழுவதும் மாறிவிட்டது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மனிதருடைய அசிரத்தையை விதியென்று அழைத்துக்கொண்டிருந்த ஒரு பகுதி, உழைப்பினால் விதியின் எல்லையை விட்டு வெளியே வந்தது என்பதே உண்மை.

விதிவாதத்தைக் காட்டிலும் நுண்ணியது சரணாகதி வாதம். முற்றிலும் இறைவனையே பற்றி நிற்பவன் தன் முயற்சியைக் கைவிடுதல்தானே உயர்ந்த நிலை என்று கேட்கலாம். வைணவப் பெரியோர் இவ்விஷயத்தை விளக்க இரண்டு நியாயங்களைக் கூறுவர். குரங்கின் குட்டி தாயைத் தானே இறுகப் பற்றிக்கொள்கிறது. பூனையின் குட்டியோ ஒன்றும் செய்வதில்லை, தாயே அதை வாயில் கவ்விச் செல்கிறது. முன்னது வடகலையாருக்கும் பின்னது தென்கலையாருக்கும் உரியதென்று சொல்லப்படும். இவற்றுள் பின்னதையே முழு மனத்தோடு ஏற்றுக்கொண்ட ஒரு தந்தையும், தன் கைக்குழந்தையின்முன் நிற்கும்போது எந்த இடத்தில் நிற்கிறான் என்பதை யோசிக்க வேண்டும். இறைவனுக்கு அவன் குட்டி. குழந்தைக்கோ அவனே தாய்ப் பூனை. தன் உயிரைப் பற்றி ஒன்றும் செய்யாதிருத்தல் அவனுக்குப் பக்தியாக இருக்கலாம். தன்னையே நம்பிக் கிடக்கும் குழந்தையின் பொருட்டு ஒன்றும் செய்யாதிருத்தல் எந்தச் சித்தாந்தத்தின்படியும் பக்தியாகாது. நம்மை நாம் ஒப்படைக்கலாம். நம்மிடம் ஒப்படைக்கப்பட்டதைக் கைவிட நமக்கு அதிகாரம் இல்லை.

சமய நம்பிக்கையினால் அன்றி, மனச்சாட்சியினால் தடுப்பூசியை எதிர்த்த சான்றோரும் நம் நாட்டில் இருந்தார்கள். மகாத்மா காந்தி ஆரோக்கியத்தைப் பற்றி எழுதிய நூலில் அம்மை குத்துவதை வன்மையாகக் கண்டித்தார். பசுவின் உடலிலிருந்து எடுத்ததை மனித உடலில் செலுத்துவது அவருடைய தருமத்துக்கு ஒவ்வாததாக இருந்தது. ராஜாஜி 1955-இல், காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை நாடெங்கும் பெருந்திரளாகப் போடும் திட்டத்தை எதிர்த்து எழுதினார். இத்தகையோரின் சொல்லை மரியாதையோடு ஆராய்தலே முறை. ராஜாஜி காலத்துக்குப் பின், செங்கற்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நிகழ்ந்த பெரும் ஆராய்ச்சியில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்று தெரியவந்தது. அதே ஊசி, சிறு குழந்தைகளின் மூளைச் சவ்வைத் தாக்கும் கொடிய காசத்திலிருந்து அவர்களைப் பெருமளவு காக்கிறது என்பதும் வேறு ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது. ஆகையினால்தான் பிறந்தவுடன் இடது புயத்தில் அதைப் போடுகிறார்கள். ஐயம் எழுப்புதல் அதருமம் அன்று. ஐயத்தை ஆராய்ச்சிக்கு உட்படுத்தி, அதன் முடிவுக்குத் தலைவணங்குதலே அறிவுக்கும் தருமத்துக்கும் பொதுவான வழி என்பதை இந்த விருத்தாந்தம் காட்டுகிறது. 2017-ஆம் ஆண்டில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்குமான ஊசி தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போடப்பட்டபோது, கைபேசி வழியே பரவிய வதந்திகளைக் கேட்டுப் பெற்றோர் பலர் கலங்கினார்களே, அந்தக் கலக்கத்துக்கு ஆராய்ச்சி என்று பெயரில்லை. கேட்கத் தகுந்தவரிடம் கேட்டு விடை பெறும்வரை ஓயாத சந்தேகந்தான் மதிப்புக்குரியது.

அஹிம்சையைப் பற்றிய ஒரு கேள்வி இன்னும் எஞ்சியிருக்கிறது. தாயின் மடியில் நிம்மதியாகக் கிடக்கும் சிசுவின் தொடையில் ஊசி இறங்குகிறது. அது வீரிட்டு அழுது, தன்னைக் காக்க வேண்டியவளின் முகத்தையே பார்க்கிறது. அதன் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அது சொல்ல அறியாது. அன்றிரவு காய்ச்சல் காணலாம். ஊசி போட்ட இடம் வீங்கலாம். மிக அரிதாக, உடல் அந்த மருந்தை ஒவ்வாமல் உடனடிச் சிகிச்சை வேண்டிய நிலையும் நேரலாம் என்பதனால்தான் அரைமணி நேரம் அங்கேயே இருந்து போகும்படி செவிலியர் சொல்கிறார். இந்தச் சிறிய ஹிம்சையைச் செய்யப் பெற்றோருக்கு என்ன உரிமை? போடாமல் விடுவதும் குழந்தையின் சம்மதமின்றி அதன்மேல் செய்யப்படும் ஒரு தீர்மானமே என்பதை நினைத்தால் விடை கிடைக்கும். செயலால் வருவதே பாவம், செயலின்மையால் வருவது நம்மைச் சாராது என்று எண்ணுவது மனத்தின் இயல்பான மயக்கம். தொண்டை அடைப்பானால் மூச்சுத் திணறும் குழந்தைக்கும், கக்குவான் இருமலில் நீலம் பாய்ந்து துவளும் கைக்குழந்தைக்கும், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப்போன சிறுவனுக்கும் நேர்ந்தது ஹிம்சையன்று என்று யார் சொல்லத் துணிவார்? பேசத் தெரியாத உயிருக்காகத் தீர்மானிக்கும் பொறுப்பு நம்மேல் விழுந்த அன்றே, ஒன்றும் தீர்மானிக்காமல் இருக்கும் சௌகரியம் நம்மை விட்டுப் போயிற்று. சிறு நோவைக் கண் திறந்து ஏற்று, பெருந்துயரை விலக்குதலே அந்நிலையில் அஹிம்சை.

இவ்வளவும் தடுப்பூசி போடலாமா என்ற கேள்விக்கு விடை. போடுவது என்று துணிந்த பிறகு, உரிய காலத்தில் உரியதைப் போட்டு முடிப்பது என்னும் நெடிய அநுஷ்டானம் தொடங்குகிறது. சமய உணர்வு உண்மையில் சோதிக்கப்படும் இடம் இதுவே. நம் நாட்டு அட்டவணை கிரமமானது. பிறந்தவுடன் பி.சி.ஜி.யும், போலியோவுக்கான முதல் சொட்டு மருந்தும், 24 மணி நேரத்துக்குள் கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ்-பி நோய்க்கான ஊசியும் தரப்படுகின்றன. ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இசிவு நோய், ஹெபடைடிஸ்-பி, மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் விளைவிக்கும் ஒரு கிருமி என்னும் ஐந்துக்கும் சேர்ந்த ஐந்து வகைத் தடுப்பூசி போடப்படுகிறது. அதனோடு போலியோவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சொட்டு மருந்துகள், நிமோனியாவுக்கும் போலியோவுக்கும் தனித்தனி ஊசிகள் அவ்வவற்றுக்குரிய வாரங்களில் சேர்கின்றன. ஒன்பது மாதம் நிறைந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி. பதினாறு முதல் இருபத்து நான்கு மாதங்களுக்குள் அதன் இரண்டாம் தவணையும், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இசிவு நோய் மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியின் ஊக்கத் தவணையும். பள்ளிக்குச் செல்லும் ஐந்து ஆறு வயதில் மற்றோர் ஊக்கத் தவணை. பிறகு பத்திலும் பதினாறிலும். 2011 டிசம்பரில் ஐந்து வகைத் தடுப்பூசியை இந்தியாவில் முதன்முதல் அரசுத் திட்டத்தில் ஏற்றுக்கொண்டவை தமிழ்நாடும் கேரளமும் என்பது நாம் நினைவில் கொள்ளத் தகுந்தது.

இந்த நாள்கள் யாரோ மனம்போனபடி குறித்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. தாய்க்கே தெரியாமல் அவள் இரத்தத்தில் ஹெபடைடிஸ்-பி கிருமி இருக்கக்கூடுமாதலால், அது பிரசவத்தின்போது சிசுவைப் பற்றாமல் தடுக்க முதல் நாளே ஊசி வேண்டியிருக்கிறது. கக்குவான் இருமல் உயிரைக் கொள்வது பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகளிடத்திலாதலால், ஆறு வாரத்துக்குமேல் காத்திருக்க இயலவில்லை. முதல் தவணையில் பகைவனை ஒருமுறை கண்ட உடல், நான்கு நான்கு வார இடைவெளியில் மறுபடியும் கண்டால்தான் அவனை நன்றாக நினைவில் நிறுத்திக்கொள்கிறது. தட்டம்மைக்கு மட்டும் ஒன்பது மாதம் வரை பொறுத்திருப்பது, கருவிலேயே தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்பாற்றல் அதுவரை குழந்தையின் இரத்தத்தில் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே நின்று, ஊசியையும் பயனற்றதாக்கிவிடக்கூடும் என்பதனால். அப்போதும் நூறு குழந்தைகளுள் ஏறக்குறைய எண்பத்தைந்துக்கே முதல் ஊசி பலிக்கிறது. எஞ்சியவருக்காகவே இரண்டாம் தவணை. தாய் கருவில் தந்த காப்பு எப்போது விடைபெறுகிறது, மனிதர் தரும் காப்பு எப்போது பொறுப்பேற்க வேண்டும் என்று கணித்து, இரண்டுக்கும் இடையில் குழந்தை அநாதையாக நிற்கும் காலம் மிகக் குறுகியதாக இருக்கும்படி நாள் குறித்திருக்கிறார்கள். சிருஷ்டியின் ஒழுங்கை இவ்வளவு பணிவோடு ஆராய்ந்து, அதற்கு இசைந்து மனிதன் நடந்துகொள்ளும்போது, அந்த நடத்தையில் நாத்திகம் எங்கே இருக்கிறது?

காலம் தவறாமல் செய்தல் என்பது நம் சமயத்துக்கு அந்நியமானதன்று. விரதம் என்பதன் உயிரே அதுதான். மனம் விரும்பியபோது செய்வது விரதமாகாது, குறித்த நாளில் குறித்ததைச் செய்வதே விரதம். சமயபுரத்தில் ஆண்டுதோறும் மாசி மாதக் கடைசியில் பூச்சொரிதல் தொடங்கியபின், அம்மனே தன் அடியார்களின் நலத்துக்காக 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பதாக ஐதிகம். அந்நாள்களில் வழக்கமான தளிகை இல்லை. நீர்மோர், பானகம், துள்ளுமாவு, இளநீர் போன்றவையே நிவேதனம். வணங்கப்படுகிறவளே வணங்குகிறவர்களுக்காக நோன்பு நோற்கிறாள் என்ற இந்த நம்பிக்கையில் தாய்மையின் தத்துவம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நோற்பவள் ஒருத்தி, பலன் பெறுவது மற்றொருவர். அப்படி நோற்கப்படுவதை அவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தன் குழந்தையின் ஆறாம் வாரத்திலிருந்து பதினாறாம் வயது வரை இந்த அட்டையின் வரிகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றிக் கொடுக்கும் தாயும் தந்தையும் நோற்பது இந்தக் குலத்தைச் சேர்ந்த நோன்புதான்.

நோன்பு தவறுவது பெரும்பாலும் நம்பிக்கையின்மையால் அன்று. வாழ்க்கையின் சிறு சிறு இடையூறுகளால். நம் குடும்ப வழக்கத்தையே பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ்கிறது. முதல் ஊசிகள் அங்கே விழுகின்றன. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ நல்ல நாள் பார்த்துப் பெண்ணையும் குழந்தையையும் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பதினான்காவது வாரத்து ஊசி அந்தப் பயணத்தின் ஏற்பாடுகளுக்கு நடுவே வந்து நிற்கிறது. தாய்வீட்டார் அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். புகுந்த வீட்டார் அங்கேயே போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். அட்டை எந்தப் பெட்டியில் இருக்கிறதென்று ஒருவருக்கும் தெரிவதில்லை. குழந்தைக்குச் சீர் கொண்டுவரும் பெட்டியின் மேல்தட்டில் வைக்க வேண்டிய பொருள் அந்தத் தாய் சேய் நல அட்டை. போட்டது எது, போட வேண்டியது எது என்று எழுதிய ஏட்டைக் காட்டினால், எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், எந்தக் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்திலும் புதன்கிழமையன்று அடுத்த தவணையைப் போட்டுவிடுவார்கள். ஜாதகம் கணிப்பதற்காகப் பிறந்த நாழிகையைக் குறித்துவைக்கும் அதே ஏட்டில், அதே நாளில், ஆறாவது வாரமும் ஒன்பதாவது மாதமும் எந்தத் தேதியில் நிறைகின்றன என்பதையும் கணித்து எழுதிவிட்டால், கிரகங்களைப் பற்றிய கவலையோடு கிருமிகளைப் பற்றிய கவலையும் அந்தக் குடும்பத்தின் நினைவில் நிலைபெறும்.

லேசான சளிக்காகவும், அஷ்டமி நவமிக்காகவும், மொட்டையடித்துக் காது குத்தும் சுபகாரியம் நெருங்குகிறது என்பதற்காகவும் தவணையைத் தள்ளிப்போடுவோர் உண்டு. சளி ஊசிக்குத் தடையன்று. கடுங்காய்ச்சல் இருந்தால் செவிலியரே இன்னொரு நாள் சொல்வார். நல்ல நாள் பார்ப்பது மங்கலச் செயலை நாமே தொடங்குவதற்கு உரியது. நோய் எந்தத் திதியையும் பார்த்து வருவதில்லையாதலால், அதைத் தடுக்கும் செயலும் திதிக்குக் காத்திருக்கலாகாது. இவையனைத்திலும் மிக எளிதாக மறந்துபோவது ஒன்றரை வயதுத் தவணை. குழந்தை நடக்கத் தொடங்கி, நோய் நொடியின்றி விளையாடும் அந்தக் காலத்தில், அட்டை கண்ணில் படுவதே அரிது. மறந்துவிட்டவர்கள் குற்ற உணர்வினால் சுகாதார நிலையத்தின் பக்கமே செல்லாதிருப்பது, ஒரு பிழைக்கு மற்றொரு பிழையைப் பரிகாரமாக்குவதாகும். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதலிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டியதில்லை. செய்த தவணைகள் வீணாவதில்லை. தவறிய அடியவனுக்கும் வாசல் திறந்திருக்கும் என்று நம் பக்தி நூல்கள் சொல்லும் கருணை, இந்த மருத்துவ விதியிலும் அமைந்திருப்பது ஆறுதல் தருகிறது.

இந்த நோன்பை மற்ற எல்லாச் செயல்களிலிருந்தும் பிரித்துக் காட்டும் ஓர் இலக்கணம் இருக்கிறது. நோய் வந்த குழந்தைக்கு மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்தவன், தன் செயலின் பலனைப் பிரத்தியட்சமாகக் காண்கிறான். காய்ச்சல் தணிந்ததையும் குழந்தை சிரித்ததையும் கண்டு கடவுளுக்கு நன்றி சொல்கிறான். வாராத நோய்க்கு யார் நன்றி சொல்கிறார்கள்? ஒன்பதாம் மாதத்து ஊசி தன் குழந்தையைக் காத்ததா, அல்லது அந்த ஊசி இல்லாமலேயே அந்த நோய் தன் வீட்டுப் பக்கம் வராமல் போயிருக்குமா என்பதை எந்தத் தந்தையாலும் அறிய முடியாது. எந்த மருத்துவராலும் சொல்லவும் முடியாது. கண்ணுக்குத் தெரிவன, குழந்தை அழுததும், ஓரிரவு தூக்கம் கெட்டதும், ஒரு நாள் கூலி போனதுமே. பலன் என்று எடுத்துக்காட்ட ஒன்றுமில்லை. ஒன்றும் நிகழாமையே பலன். பலனைக் கருதாமல் கடமையைச் செய் என்று கீதை உபதேசித்ததை அநுஷ்டிக்கப் பெருந்துறவிகளுக்கே அரிது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால், காணவே முடியாத பலனுக்காகக் கைக்குழந்தையைத் தோளில் சார்த்திக்கொண்டு வெயிலில் வரிசையில் நிற்கும் எளிய தாயொருத்தி, அந்த உபதேசத்தை அதன் பெயர் அறியாமலே நடத்திக் காட்டுகிறாள். பலன் தெரியாத காரணத்தினாலேயே இச்செயலில் சிரத்தை தளர்கிறது என்பதும் உண்மை. நோய் ஊரில் தாண்டவமாடியபோது ஊசிக்கு ஏங்கிய மக்கள், நோய் மறைந்தபின் நோயை விட்டுவிட்டு ஊசிக்கு அஞ்சத் தொடங்குகிறார்கள். ஆகவே இந்தக் கடமையை நெடுங்காலம் தாங்கவல்லது அச்சமன்று. காணாததையும் கருதிச் செயல்படக் கற்பிக்கும் சமய உணர்வே.

ஒரு வீட்டின் அளவில் காண முடியாத அப்பலன், ஒரு நாட்டின் அளவில் நோக்கும்போது பட்டப்பகலாக விளங்குகிறது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்துக் குழந்தை ஒன்றுக்கு இளம்பிள்ளை வாதம் கண்டதே இந்தியாவில் அந்நோயின் கடைசி இயற்கைத் தொற்று. 2014 மார்ச் 27 அன்று நம் நாட்டை உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி முழுவதும் போலியோ அற்றதென்று சான்று பெற்றது. அந்த வெற்றியில் எந்தத் தாய் தன் குழந்தைக்கு ஊட்டிய சொட்டு எந்தப் பங்கைச் செய்தது என்று பிரித்தறிய வழியில்லை. பலன் எல்லோருக்கும் உரியதாய், ஒருவருக்கும் தனியே உரியதாகாமல் நிற்கிறது. ‘எனது’ என்னும் செருக்கை அறுக்க வேண்டுமென்று ஞானிகள் வற்புறுத்தினார்களே, அது தானாகவே அறுந்து நிற்கும் செயல் இது. அதுமட்டுமன்று. தட்டம்மைபோல் விரைந்து பரவும் நோயைத் தடுத்து நிறுத்த, ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்காவது எதிர்ப்பாற்றல் வேண்டும். ஒன்பது மாதம் நிறையாத சிசுவும், புற்றுநோய்ச் சிகிச்சையால் உடல் தளர்ந்த சிறுவனும் அவ்வூசியைப் பெற இயலாதவர்கள். அவர்களுக்கு வேலியாக நிற்பது அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் உடல்களே. நம் குழந்தைக்கு நாம் போடும் ஊசி, பெயரும் முகமும் தெரியாத ஒரு குழந்தைக்கு நாம் செய்யும் தானமுமாகிறது. அன்று பம்பாய்க் குழந்தைக்குக் காப்பு வந்து சேர்ந்ததும் முன்பின் அறியாத மனிதரின் கைகள் வழியாகத்தானே?

தடுப்பூசி எல்லாத் துன்பங்களையும் நீக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. அது சில நோய்களுக்கே தடை. அவற்றிலும் நூற்றுக்கு நூறு உறுதி தருவதில்லை. ஊசி இல்லாத நோய்களும், எதிர்பாராத விபத்துகளும், மனிதன் கணிக்க இயலாத எத்தனையோ நிகழ்ச்சிகளும் அப்பால் விரிந்து கிடக்கின்றன. அந்த வெளியில் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பெற்றோருக்குப் பிரார்த்தனை இன்றும் தேவைதான், என்றும் தேவைதான். பெரியம்மைக் காலத்துத் தாய்மார்களிடம் நாம் கண்ட எல்லைக்கோட்டை இங்கே நம் வாழ்வுக்குரியதாக்கிக்கொள்ள வேண்டும். செய்யக்கூடியதையெல்லாம் செய்துவிட்டு, செய்ய இயலாததைத் தெய்வத்திடம் ஒப்படைத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய பக்தியைப் பின்பற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, செய்யக்கூடியதையும் செய்யாமல் ஒப்படைப்போமானால், நாம் பின்பற்றுவது அவர்களுடைய பக்தியையன்று, அவர்களுடைய இயலாமையையே. கோடு இன்று வெகு தூரம் விலகி, மனிதனுடைய கடமையின் பரப்பு பெருகியிருக்கிறது. பெருகிய கடமையை முழுவதும் செய்து முடித்தவனே, குறையற்ற மனத்துடன் சந்நிதியில் நின்று, என்னால் ஆனது இவ்வளவு, இனி உன் பொறுப்பு என்று சொல்லும் தகுதியைப் பெறுகிறான். ஆகையால், மஞ்சள் துணியில் முடிந்த நாணயத்தை அவிழ்க்க வேண்டாம்; அது அங்கேயே இருக்கட்டும். அதைக் கோயிலில் செலுத்தப்போகும் நாளுக்கு முன்னால் அட்டையை ஒருமுறை எடுத்துப் பார்த்து, நிரப்பப்படாத கட்டம் ஏதேனும் இருக்குமானால், வரும் புதன்கிழமையன்று குழந்தையை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குச் சென்று வருதல், அந்த வேண்டுதலின் முதற்பகுதியை நிறைவேற்றியதாகும்.